இரண்டு நொடிக்கு ஒரு தடவை

மணிக்கூண்டு என்று கூப்பிட்டால்தான் அந்த ஆஸ்பத்திரியில் அவர் திரும்பிப் பார்ப்பார். முந்நூறு கம்ப்யூட்டர்களும் ஒரே மணி காட்டுவது அவர் பொறுப்பு. மொட்டை மாடியில் கிண்ணத்தைக் கவிழ்த்தாற்போல் ஓர் ஆன்டெனா. அது வானத்திலிருந்து துல்லியமான நேரத்தை வாங்கிக் கீழே ஒரு பெட்டிக்குத் தரும். கம்ப்யூட்டர்கள் பெட்டியிடம் மணி கேட்டுத் தங்களைத் திருத்திக்கொள்ளும். முதலில் நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்கும். கடிகாரம் ஒழுங்காக ஓடுகிறது என்று நம்பிக்கை வந்துவிட்டால் கால் மணிக்கு ஒரு தடவை கேட்டாலே போதும்.

வயிற்றில் இருந்த பிள்ளை தங்காமல் போய், மனைவி தன் அம்மா வீட்டுக்குப் போன மாதத்தில்தான் அவர் அந்த இடைவெளியில் கைவைத்தார். அப்போது அவளுக்குப் பத்து நிமிடத்துக்கொரு போன் போட்டுக்கொண்டிருந்தார். "எடுக்கலைன்னா தூங்கறேன்னு அர்த்தம், விடுங்களேன்" என்றாள் ஒரு நாள். பிறகு எடுக்கவே இல்லை. அடிக்கடி கேட்டால் தப்பு வராது என்று நினைத்து, மூன்றாம் வார்டு கம்ப்யூட்டரை இரண்டு நொடிக்கு ஒரு தடவை கேட்க வைத்தார். அதோடு மறந்தும் போனார். அந்த நாட்களில் அவருக்குச் சோறும் தெரியவில்லை, தூக்கமும் தெரியவில்லை.

பதினோரு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை விசாரணை. மூன்றாம் வார்டு சிஸ்டர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். பதினெட்டு வருட வேலை அன்று போய்விடும் போலிருந்தது.

"டாக்டர் தன் ரூம் கம்ப்யூட்டர்ல மருந்து எழுதினது பத்து நாலுக்கு. நீங்க ஊசி போட்டது ஒன்பது அம்பத்தெட்டுக்கு. எழுதறதுக்கு முன்னாடியே எப்படிம்மா போட்டீங்க?" என்றார் கண்காணிப்பாளர்.

"நான் என்ன ஜோசியமா சார் பாத்தேன்? சீட்டு வந்துச்சு, போட்டேன்."

"அப்ப கம்ப்யூட்டர் பொய் சொல்லுதா?"

சிஸ்டர் பின்னால் திரும்பினார். "மணிக்கூண்டு, நீயே சொல்லுப்பா. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?"

'எல்லாக் கடிகாரங்களும் சரியாக உள்ளன' என்று தட்டச்சு செய்த கடிதம் மணிக்கூண்டின் கையெழுத்துக்காக மேசையில் காத்திருந்தது. அவர் பத்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு மூன்றாம் வார்டுக்குப் போனார். கைக்கடிகாரத்தைத் திரையோடு வைத்துப் பார்த்தார். திரை ஒன்பது நிமிடம் பின்னால் இருந்தது. பெட்டியின் பதிவேட்டைத் திறந்தார். 'இவ்வளவு அடிக்கடி கேட்காதே' என்று எழுபத்தேழு நாளைக்கு முன்பு ஒரே ஒரு பதில். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. இங்கே கம்ப்யூட்டர் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

அந்தப் பதிவேட்டைப் படிக்கத் தெரிந்தவர் அங்கே வேறு யாரும் இல்லை. ஒரு பொத்தானைத் தட்டினால் மணி சரியாகிவிடும், சுவடும் இருக்காது. விரல் பொத்தான்மேல் கொஞ்ச நேரம் இருந்தது. பயம் வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. யாருக்கோ வந்த கடிதத்தைப் படிப்பது போலிருந்தது. பதிவேட்டை அச்சடித்து எடுத்துக்கொண்டு திரும்பினார்.

"சிஸ்டர் ஊசி போட்டது பத்து ஏழுக்கு, சார். வார்டு கம்ப்யூட்டர் மணி கேட்டுட்டேதான் இருந்துச்சு, பதில்தான் வரல. நான் ரெண்டு நொடிக்கு ஒரு தடவை கேக்க வச்சிட்டேன். தொல்லை தாங்காம பெட்டி வாயை மூடிக்கிச்சு."

சிஸ்டரை வார்டுக்கு அனுப்பினார்கள். மணிக்கூண்டுக்கு ஒரு மாதம் வீட்டில் இருக்கச் சொல்லிக் காகிதம் கொடுத்தார்கள்.

மாடிப்படியில் சிஸ்டர் நின்றிருந்தார். "ஏம்பா, ரெண்டு நொடிக்கு ஒரு தடவை நச்சரிச்சா கல்லுகூட எந்திரிச்சுப் போயிடுமே."

"போயிடுச்சுக்கா."

மனைவி போன விஷயம் சிஸ்டருக்குத் தெரியும். மணிக்கூண்டின் தோளில் ஒட்டியிருந்த நூலை எடுத்துவிட்டுப் போனார்.

கிளம்புமுன் மூன்றாம் வார்டைப் பழைய இடைவெளிக்கே மாற்றினார். ஒரு தடவை கேட்டது, பதில் வந்தது. ஒன்பது நிமிடமும் நேரானது. போனை எடுத்து, 'இனிமே ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிடறேன்' என்று மனைவிக்கு எழுதி அனுப்பினார். பதில் வருகிறதா என்று பார்க்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்.