வெள்ளையனுக்கு நீலம் ஆகாது

போன வாரம் பக்கத்து வீட்டு வசந்தா வந்தார். "சார், எங்க வெள்ளையனை வரைஞ்சி குடுங்க. கவிதா அவன் நெனப்பாவே இருக்குது" என்றார்.

கவிதா அவர் மகள். பெண்ணாடத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். வெள்ளையன், அவள் குட்டியிலிருந்து வளர்த்த நாய்.

வெள்ளை நாயை வெள்ளைத் தாளில் வரையலாம்... பிறகு நாயைத் தேட வேண்டியிருக்கும்.

நான் வரைவது சாக்பீஸ் போல உதிரும் பேஸ்டல் பென்சிலில். அதன் பொடி வழுவழுத் தாளில் நிற்காது. உப்புத்தாள் போலச் சொரசொரத்தால் மீசை முடி புள்ளிப் புள்ளியாக உடையும். பீங்கான் கோப்பையின் மெருகில்லாத அடிவிளிம்பைத் தடவினால் விரலில் ஒரு சன்னமான பிடிமானம் தெரியுமே — அப்படி ஒரு தாளை எடுத்தேன். நிறம், வானநீலம். வெள்ளை முடி பளிச்சென்று எழுந்தது. காதின் ரோஸ் நிறம்கூடத் தெரிந்தது. எனக்குத் திருப்தி.

வசந்தாவுக்கும்தான். போனில் படம் பிடித்தார். ஒரு வார்த்தை எழுதாமல் மகளுக்கு அனுப்பினார். போனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனார்.

மதியம் என் வாசலில் ஆட்டோ நின்றது. கவிதா. கண்கள் வீங்கியிருந்தன.

"எப்ப சார் செத்துச்சி? அம்மா எங்கிட்ட மறைக்கறாங்களா?"

"யாரும்மா?"

"வெள்ளையன்தான். வானத்துல வச்சி வரைஞ்சிருக்கீங்களே..."

அப்போதுதான் உறைத்தது. பஸ் ஸ்டாண்ட் சுவரில் வானநீலத்தின் முன்னால் நிற்பவர்கள் யார்? கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸில் இருப்பவர்கள். போதாக்குறைக்கு வெள்ளையன் அண்ணாந்து வேறு பார்க்கிறான். அவன் பார்த்தது பிஸ்கட்டை. அது படத்தில் இல்லை.

அதற்குள் குரல் கேட்டு வெள்ளையன் ஓடிவந்து அவள் புடவையில் தாவினான். அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பின்னாலேயே கோயிலிலிருந்து வசந்தா. "ஏண்டி, ஒரு போன் போட்டுட்டு வரக் கூடாதா?"

"எத்தினி வாட்டி போட்டேன்... எடுத்தியா நீ?"

பிறகு கவிதா என் பக்கம் திரும்பினாள். "நல்லா இருக்கறவனைச் சாமிகிட்ட அனுப்பிட்டீங்களே சார்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

வரைகிறவன் தாளில் வெளிச்சத்தைப் பார்க்கிறான். ஊர், தன் சுவரைப் பார்க்கிறது.

ராத்திரி தங்கி, வெள்ளையனுக்குச் சோறு வைத்துவிட்டுத்தான் கவிதா கிளம்பினாள். நான் செம்மண் நிறத் தாளில் அவனை மறுபடி வரைந்தேன். மண்ணில் படுத்திருக்கிறான். வெள்ளை இதிலும் நன்றாகவே எழுகிறது.

நேற்று புதுப் படத்தை எடுத்து அனுப்ப வசந்தா போனும் கையுமாக வந்தார்.

"மொதல்ல அவன் குரைக்கறதை அனுப்புங்க" என்றேன். "படம் பின்னால போகட்டும்."