தொளதொளா அண்ணன்

எங்கள் வீட்டில் ஒரு ரவுடி இருந்தான். கம்ப்யூட்டருக்குள் இருந்ததால் யாருக்கும் தொந்தரவு இல்லை.

நான் ஐந்தாவது படித்த காலம். எங்கள் ஊர் கொங்கு நாட்டின் பனியன் ஊர். அதில் ராயபுரத்தில் எங்கள் சந்தில் கம்ப்யூட்டர் இருந்த ஒரே வீடு எங்களுடையது. அது எங்கள் படிப்புக்காக வாங்கியது என்று யாராவது நினைத்தால் அது எங்கள் தவறல்ல. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, ஒரு பிரிண்டிங் கம்பெனியில் டிசைனர். பனியன் நெஞ்சில் அடிக்கிற படங்களை வரைவது அவர் வேலை. அவசர டிசைன் என்றால் வீட்டிலேயே உட்கார்ந்து வரைவார். அதற்காகத்தான் அந்தக் கம்ப்யூட்டர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதில் கேம் ஓடும்.

மாமா யாரிடமும் பேசமாட்டார். எங்களோடுதான் இருந்தார், எங்களோடுதான் சாப்பிட்டார், ஆனால் 'சரிங்க்கா' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு முப்பது வயதுவரை காலத்தை ஓட்டிவிட்டார். அம்மா அவரை வளர்த்தவள். அவள் காலையில் இட்லி என்றால் சரிங்க்கா, சட்டை நீலம் என்றால் சரிங்க்கா. இப்படிப்பட்ட மனிதர் ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஒரு வெளிநாட்டு நகரத்துத் தெருக்களில் கார் ஓட்டிக்கொண்டு, சுவரில் மோதிக்கொண்டு, போலீசுக்கு டிமிக்கி கொடுத்துக்கொண்டு இருப்பார்.

அந்த நகரத்தில் ஒரு தெருமுனையில்தான் நம்முடைய ஆள் நிற்பான். முழங்கால்வரை தொங்கும் பனியன், கழுத்தில் மாட்டுச் சங்கிலி மாதிரி ஒரு தங்கச் சங்கிலி, பின்பக்கம் திருப்பிய தொப்பி. பெரிய ரவுடி என்று பெயரெடுத்து, அந்தப் பெயரை வைத்து ராப் பாடகனாகப் புகழ்பெற வேண்டும் என்பது அவன் ஆசை. இரண்டுமே அவனுக்கு வரவில்லை. வாயைத் திறந்தால் சுடுவேன், வெட்டுவேன் என்று எதுகை மோனையோடு மிரட்டுவான். எதிரி நிஜமாகவே வந்தால் நம் காருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வான். மாடி ஜன்னலிலிருந்து அவன் அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் பாட்டைப் பாதியில் விட்டு ஓடிவிடுவான். நானும் நான்கு வயதுத் தம்பியும் அவனுக்குத் தொளதொளா அண்ணன் என்று பெயர் வைத்திருந்தோம்.

வீட்டுப் பெரியவர்களுக்கும் அவனைத் தெரியும், ஆனால் வேறு விதமாக. அப்பா ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அம்மா இன்னொரு கம்பெனியில், தைத்த பனியனில் குறை பார்க்கும் செக்கிங் சூப்பர்வைசர். அவர்கள் கண்ணுக்குத் துப்பாக்கியும் தெரியாது, பாட்டும் கேட்காது. அப்பா திரையைப் பார்த்துவிட்டு, "இவனொருத்தன் துணில நாலு உருப்படி வெட்டலாம்" என்பார். அம்மா கரண்டியோடு வந்து நின்று, "சோல்டர் எறங்கிக் கெடக்குது பாரு. இந்தப் பீஸையெல்லாம் செக்கிங்ல எவ விட்டா?" என்று அந்த ஊர் சூப்பர்வைசர்மீது கோபப்படுவாள்.

அவன் பாடும்போது திரையின் அடியில் ஆங்கில எழுத்துகள் ஓடும். மாமா அங்கே நிறுத்திவிட்டு, அகராதியைப் புரட்டி ஒவ்வொரு சொல்லாகப் பார்ப்பார். பிறகு தனியாகச் சிரித்துக்கொள்வார். கேமில் ஜெயிப்பதற்கான ரகசியம் அதில் இருக்கிறது என்று நான் நம்பினேன்.

அந்த வருஷம் மாமாவுக்குப் பெண் அமைந்தது. பொங்கலூர்ப் பக்கம் தோட்டம் துரவோடு நல்ல இடம். ஜாதகம் பொருந்தி, எங்கள் பக்கத்திலிருந்து போய்ப் பெண்ணையும் பார்த்துவிட்டு வந்தாயிற்று. மாமாவிடம் பிடித்திருக்கிறதா என்று அம்மா கேட்டதற்கு என்ன பதில் வந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இனிப் பெண் வீட்டார் வந்து மாப்பிள்ளை வீடு பார்க்க வேண்டும். அவர்கள் திருப்தியாக விருந்துக்கு உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் காரியம் முடிந்த மாதிரி. அதற்கு முன் நான்கு இடங்கள் தட்டிப்போயிருந்ததால் அம்மா அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வீட்டையே கழுவிக் கவிழ்த்தாள்.

தம்பியின் திறமையை வந்தவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு யோசனையும் தோன்றியது. "புள்ளைங்களுக்கு உன்ற கையால நல்லதா ரெண்டு பனியன் அடிச்சுக் கொண்டாடா. வர்றவங்க பாக்கட்டும்" என்றாள்.

மாமா ஒரு நொடி அம்மாவையே பார்த்தார். பிறகு, "சரிங்க்கா" என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் பனியன்களைக் கொண்டுவந்தது மாமா கம்பெனிச் செக்கிங் அக்கா. தென்காசிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தவர். அவரே தைத்து, தேய்த்து, பாலிதீன் கவரில் போட்டு எடுத்து வந்திருந்தார். அம்மா டீ போட உள்ளே போனதும், கம்ப்யூட்டரில் டிசைன் படமாக நின்றிருந்த தொளதொளா அண்ணனைப் பார்த்துவிட்டு, "யாரும்மா இவன்? சட்டைக்குள்ள இன்னும் ரெண்டு பேரு ஒளிஞ்சுக்கிடலாம் போலுக்கே" என்றார். மாமா சத்தமாகச் சிரித்தார். அவருக்கு அப்படிச் சிரிக்க வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. அம்மா டீயோடு வந்ததும் இரண்டு பேரும் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்கள்.

பனியன் அருமையாக இருந்தது. நெஞ்சில் தொளதொளா அண்ணன் கையை நீட்டி நிற்கிறான். முதுகில் மஞ்சள் எழுத்தில் இரண்டு வரி ஆங்கிலம். அம்மா உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்தாள். கையை இழுத்துப் பார்த்தாள். டேப்பை வைத்துக் கழுத்துக்கும் படத்துக்கும் உள்ள தூரத்தை அளந்தாள். எழுத்தின்மீது விரலால் தேய்த்து இங்க் ஒட்டுகிறதா என்று சோதித்தாள். அப்பா வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை தேடினார். ஒரு குறை இல்லை. இரண்டு பேருமே என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் பனியன்மேல் இருக்கும் எழுத்து எழுத்தல்ல, பிரிண்ட். அது நேராக இருக்க வேண்டும், உரியக்கூடாது, அவ்வளவுதான். நான் ஏதோ ஒரு நாட்டுக் கடற்கரைக்கு வரவேற்பு கூறும் பனியனில்தான் வருஷம் முழுக்க விளையாடிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வேன் வந்தது. பெண்ணின் அப்பா, அம்மா, சித்தி, இடத்தைச் சொன்ன தரகர், இன்னும் சிலர். கேசரி போயிற்று, வடை போயிற்று. மாமா வெள்ளைச் சட்டையில் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார். நானும் தம்பியும் பனியன் தெரிய அங்குமிங்கும் நடக்க வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. நடந்தோம். வடைத் தட்டுகளை எடுக்க நான் திரும்பியபோது பெண்ணின் சித்தி, "கண்ணு, அப்பிடியே நில்லு" என்றார். அவர் இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

முதுகை ஒருமுறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"என்னுங்க எழுதியிருக்குது?" என்றார் பெண்ணின் அப்பா.

சித்தி தயங்கித் தயங்கிச் சொன்னார். "'என்ற வாசப்படில கால வெச்சுப் பாரு. உன்னையும் சுடுவேன், உன்னையக் கூட்டியாந்தவனையும் சுடுவேன்.' அப்பிடீன்னு எழுதியிருக்குதுங்க."

தரகர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அதே வாசகத்தை முதுகில் சுமந்துகொண்டு என் தம்பி அவர் மடியில் ஏறப் பார்த்தான்.

"அது வெளிநாட்டுப் பார்ட்டி டிசைனுங்க, நம்மளுக்கு எங்கீங்க தெரியுது" என்று அம்மா படபடத்தாள். பெண்ணின் அப்பா மாமாவிடம், "ஏனுங்க மாப்ள, தெரியாமத்தான் அடிச்சுட்டீங்களா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். மாமா தரையைப் பார்த்தபடி, "எழுதியிருக்கறது செரிதானுங்க" என்றார். எழுத்துப் பிழை இல்லை என்று சொல்கிறார் என நான் எடுத்துக்கொண்டேன்.

அத்தோடு விட்டிருந்தால் அம்மா எப்படியோ சமாளித்திருப்பாள். சித்தி என்னைப் பக்கத்தில் இழுத்து, "இது யாருடைய படம் கண்ணு?" என்றார். எனக்குத் தெரிந்த விஷயத்தை ஒரு டீச்சர் கேட்கிறார். விடுவேனா?

"இவரு பெரிய ரவுடியாகோணும்னு இருக்காருங்க. பாட்டும் படிப்பாருங்க. எங்க மாமாவுக்கு இவருன்னா உசுருங்க. ஞாயித்துக்கெழமயானா மாமா இவருகூடத்தான் சுத்துவாருங்க. போலீஸ் தொரத்துனாக்கூடச் சிக்கமாட்டாங்க."

கொங்கு நாட்டு மரியாதை என்றால் அதுதான் மரியாதை. அவர்கள் எழுந்து ஓடவில்லை. காபியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்கள். "கோயில்ல பூக்கேட்டுச் சொல்லி உடறோமுங்க" என்று கும்பிட்டார்கள். வேன் திரும்பியதுகூட எனக்குத் தெரியவில்லை, அவ்வளவு வேகம். சாமி பூக் கொடுத்து உத்தரவு தரவில்லை என்று மறுநாளே தரகர் மூலம் தகவல் வந்துவிட்டது.

அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். "மாமன் கல்யாணத்தக் கெடுத்துப்போட்டியேடீ" என்று அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, இடம் தட்டிப்போனது வெளியில் ஒரு ஈ காக்கைக்குத் தெரியக்கூடாது, யார் கேட்டாலும் பேசி முடித்தாயிற்று என்றே சொல்ல வேண்டும் என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். ஐந்தாவது முறையும் தட்டிப்போனது தெரிந்தால் ஆறாவது இடமே வராது என்பது அவள் பயம்.

நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மாமாவோ மீந்த கேசரியைச் சட்டியோடு வைத்துக்கொண்டு சாப்பிட்டார். மாடிப்படியில் ஏறும்போதும் இறங்கும்போதும் விசிலடித்தார். என்னைக் கூப்பிட்டு, "நீ ஒண்ணும் கெடுக்கல கண்ணு, அழுவாத" என்றார். கல்யாணம் கெட்ட மனிதர் இப்படி இருப்பாரா? என்மீது உள்ள பிரியத்தில் துக்கத்தை மறைக்கிறார் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அழுதேன்.

கல்லூரிக்குப் போன பிறகு ஒருநாள் அந்தப் பனியன் பெட்டிக்குள் கிடைத்தது. படித்துப் பார்த்துவிட்டு மாமாவிடமே கேட்டேன். "தெரிஞ்சேதான் அடிச்சேன் கண்ணு" என்றார். வேண்டாம் என்று அக்காவிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மிரட்டுவதற்கென்றே பிறந்த ஒருவனின் வாயைக் கடன் வாங்கிக்கொண்டார். கூடவே செக்கிங் அக்காவை மனதில் வைத்திருந்ததையும் சொன்னார். வீட்டில் சூடு ஆறட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று இருந்தாராம். அந்த அக்காவிடமும் தன் திட்டத்தைச் சொல்லவில்லையாம். அதற்குள் அக்கா கம்பெனியில் கணக்கு முடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். மாமா பஸ் பிடித்துத் தேடிப்போனபோது அங்கே அந்த அக்காவுக்குக் கல்யாணமாகிப் பத்து நாள் ஆகியிருந்தது.

"எனக்கு நிச்சயம் ஆயிருச்சுன்னு ஆரோ அதுகிட்டச் சொல்லிப்போட்டாங்க கண்ணு. ஆருன்னுதான் இன்னிக்கு வரைக்கும் தெரியல" என்றார். மாமா பிறகு கல்யாணமே செய்துகொள்ளவில்லை. நான் பனியனை மடித்துப் பெட்டிக்குள்ளேயே வைத்தேன். யாரென்று இன்றுவரை நான் அவரிடம் சொல்லவில்லை.

பெண் வீட்டார் வந்துபோன அதே வாரம், மாமா மறந்துவிட்டுப் போன டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு நான் அவர் கம்பெனிக்குப் போனேன். மாமா சாம்பிள் காட்ட வெளியே போயிருந்தார். செக்கிங் டேபிளில் அந்த அக்கா மட்டும் பனியன்களைத் திருப்பித் திருப்பிப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கத்தரியை வைத்தார்.

"ஏம்மா, ஞாயித்துக்கெழம வந்தாகல்லா, பேசி முடிச்சாச்சா?"

"முடிச்சாச்சுங்க்கா" என்றேன். வெறுமனே சொன்னால் நம்பமாட்டார் என்று தோன்றியதால், "தை மாசம் கல்யாணமுங்க" என்று சேர்த்துக்கொண்டேன்.

"உங்க மாமாவுக்குப் பிடிச்சிருக்காம்மா?"

"ரொம்பப் புடிச்சிருக்குதுங்க. விசிலடிச்சுட்டே இருக்காருங்க."

அக்கா ஏற்கெனவே பார்த்து முடித்த பனியனை எடுத்து மறுபடியும் பார்க்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கிட்டே கூப்பிட்டு, கலைந்திருந்த ரிப்பனை அவிழ்த்து இறுக்கிக் கட்டிவிட்டு, "நல்லா இருக்கட்டும்" என்றார். அம்மாவுக்குக் கொடுத்த சத்தியத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமையோடு நான் குதித்துக் குதித்து வீட்டுக்குப் போனேன்.