போட்டுப் பார்த்த கவுன்

என் வளையல் கடையில் போட்டுப் பார்த்துவிட்டுப் போகிற பேச்சே கிடையாது. கண்ணாடி வளையல் கையில் ஏறினால் ஏறினதுதான். நல்ல காரியத்துக்கு வந்த பெண்ணின் கையிலிருந்து அதை உடனே கழற்ற எந்தத் தாய்க்கு மனசு வரும்? அதனால் பேச்சாயி ஆகிய நான் பிழைத்துக் கிடக்கிறேன். பக்கத்துக் கடை அமலராணிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவள் தைத்து விற்றது வெள்ளைக் கவுன். அதைப் போடலாம், கழற்றலாம், கையை வீசிக்கொண்டு போய்விடலாம்.

புருஷன் போன பிறகு, தொண்ணூற்றைந்து வாக்கில், பேகம்பூர் போகிற சாலையில் அந்தக் கடையை வைத்தாள். கிறிஸ்தவக் கலியாணத்துக்குப் பெண் போடுகிற கவுன், தலைக்கு வலை, கோயிலில் முதல்முதலாகப் புதுநன்மை வாங்கும் பிள்ளைகளுக்கு வெள்ளை உடுப்பு. முதலில் நன்றாகத்தான் ஓடியது. பிறகு மதுரையில் மாடி மாடியாகக் கடைகள் வந்தன. எங்கள் ஊர்க்காரர்கள் லேசுப்பட்டவர்களா? ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம் என்று ஓலை வாசித்தால், திங்கட்கிழமை அமலராணி கடையில் நாலு கவுனைப் போட்டுப் பார்ப்பார்கள். எது எடுப்பாக இருக்கிறது, என்ன அளவு என்று தெரிந்துகொண்டு மதுரைக்கு பஸ் ஏறிவிடுவார்கள். இவளும் வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு, இடுப்பிலும் தோளிலும் பிடித்துக் குத்தி, உடம்போடு ஒட்டினாற்போல நிறுத்திக் காட்டுவாள். அளவு கேட்டால் அதையும் சொல்லுவாள். கூறுகெட்டவள். நான் ஏசாத ஏச்சில்லை. பார்த்தால்தானே வாங்குவார்கள் என்பாள்.

அவள் மகள் வினோலியாவுக்கு வடமதுரையில் மாப்பிள்ளை அமைந்தது. கடையில்தான் ஆள் இல்லையே, இருந்த பொழுதையெல்லாம் போட்டு மகளுக்கென்று ஒரு கவுன் தைத்தாள். கழுத்தைச் சுற்றி வெள்ளை மணி ஒவ்வொன்றாகக் கோத்தது. சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு கவுனை நான் பார்த்ததில்லை.

"கோயில் நிறைய ஆளு பார்க்கும்க்கா. யாரு தச்சதுன்னு நாலு பேரு கேட்டாப் போதும், கடை பிழைச்சுக்கும்" என்றாள்.

ஆனால் கலியாண உடுப்பு எடுப்பது மாப்பிள்ளை வீட்டார் முறை. அதை இவள் மீற முடியாது. அதனால் மாப்பிள்ளையின் அம்மா அல்போன்சாவிடம், உங்கள் கையால் இதையே என் கடையில் எடுத்துவிடுங்கள், கொடுப்பதைக் கொடுங்கள் என்று கேட்டாள். அந்த அம்மா வந்தார். வினோலியாவைப் போட்டுக் காட்டச் சொன்னார். இடுப்பில் இன்னும் கொஞ்சம் பிடிக்கச் சொன்னார். என்ன அளவு என்று கேட்டுக்கொண்டார். அமலராணி மகளைச் சுற்றிச் சுற்றி வந்து ஊசி குத்தினாள். வினோலியா மட்டும் கண்ணாடியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி நின்றாள். அளவு எதற்கு என்று நான் அமலராணியின் முழங்கையை இடித்தேன். இவளோ காரியம் முடிந்தது என்று எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தாள்.

கலியாணத்தன்று காலையில் அல்போன்சா அம்மா ஒரு பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். உள்ளே மதுரைக் கவுன்.

"தப்பா நினைக்காதீங்க சம்பந்தி. காசு குடுத்து வாங்கினாலும் அது பொண்ணு வீட்டுக் கவுன்தானே? எங்க சொந்தக்காரவுக சிரிக்க மாட்டாகளா?"

அமலராணி மகளைப் பார்த்தாள்.

"அத்தை எடுத்ததையே போட்டுக்கிறேம்மா. நாளைக்கு நான் அங்கதானே இருக்கணும்."

அமலராணி தன் கையாலேயே மகளுக்குப் போட்டுவிட்டாள். ரவிக்கை ஓரத்தில் குண்டூசிகளைச் செருகி வைத்திருந்தாள். ஒன்றைக்கூட எடுக்க வேண்டி வரவில்லை. அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்தாமல் என்ன செய்யும், அளவு யார் கொடுத்த அளவு!

கோயில் வாசலில் எல்லார் வாயிலும் அந்தக் கவுன்தான். மதுரை என்றால் மதுரைதான் என்றார்கள். நான் வாயைத் திறக்கப் போனேன். அமலராணி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

அடுத்த வாரமே மாப்பிள்ளை வீட்டுச் சொந்தத்தில் ஒருத்தி தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கிய, வினோலியாவுக்கென்று தைத்த கவுனைக் காட்டி, சும்மா போட்டுப் பார்க்க வேண்டும் என்றாள். வெளக்குமாற்றை எடுக்கலாமா என்று வந்தது எனக்கு. அமலராணி அதை இறக்கினாள். ஊசி குத்தினாள். இடுப்பளவு கேட்டார்கள், சொன்னாள்.

அவர்கள் போன பிறகு, உனக்குச் சூடு சொரணை இல்லையா என்று கத்தினேன்.

"எம் மக அளவையே சொல்லிட்டேன்க்கா. இனிமே யாருக்கு ஒளிக்கப் போறேன்?"

தவக்காலம் வருவதற்குள் கடையைக் காலி செய்துவிட்டு, சித்தையன்கோட்டையில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அந்தக் கவுனைக் கடைசிவரை யாரும் வாங்கவில்லை.

போன மாதம் ஒரு அம்மாவும் பெண்ணும் வந்து அமலராணி கடைப் பூட்டைப் பார்த்துவிட்டு, கடை எப்போது திறப்பார்கள், ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். மதுரையிலேயே போய்ப் போட்டுப் பாருங்கள் என்றேன். அங்கெல்லாம் போட்டுப் பார்த்தால் வாங்காமல் வர முடியாதாம், கூச்சமாக இருக்குமாம்.