மதவாச்சிக்கு அப்பால் உடுத்த சாரம்

ஐயாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, இடுப்பில் சுற்றும் சாரம் ஒன்றை மூட்டியது. 1977ஆம் ஆண்டு ஆடி மாதம், சரவணையில் எங்கள் வீட்டு விறாந்தையில். துணியின் இரண்டு ஓரங்களையும் அவர் சேர்த்துப் பிடித்தார். நான் தையல் மெசினை மிதித்தேன். கட்டம் போட்ட துணி. ஒரு பக்கத்துக் கோடு மறுபக்கத்துக் கோட்டோடு பொருந்தியே ஆக வேண்டும் என்று நின்றார்.

“கோடு விலகக் கூடாது, பிள்ளை. மாத்தறை ஆக்கள் இப்பிடித்தான் மூட்டுவினம்.”

“விலகினா என்ன, அடிப்பினமோ?”

“அடிச்சாலும் அடிப்பினம்,” என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படவரைஞர். கோடு விலகாமல் இழுப்பது என் சம்பளம். அந்தச் சாரத்திலும் கோடு விலகவில்லை. அந்தக் கிழமையே அதைப் பையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினார்.

என் தகப்பன் பெயர் அரியநாயகம். சரவணையில் பிறந்தார். மீசை அரும்பும் முன்பே தெற்கே சிங்களவர் ஊரான மாத்தறைக்குப் போய், தன் சிறிய தகப்பனின் சுருட்டுக் கடையில் நின்றார். பிறகு கடை அவருடையதாயிற்று. வருடத்தில் இரண்டு முறை ஊருக்கு வருவார். அம்மா இராசமணியையும் என்னையும் அவர் ஒருநாளும் அங்கே கூட்டிப் போகவில்லை. அங்கே புழுக்கம், உங்களுக்கு ஒத்துவராது என்பார்.

1958 வரை அவர் மாத்தறையிலும் வேட்டிதான் கட்டினார், திருநீறுதான் பூசினார். அந்த வருடம் தமிழரைத் தாக்கிய கலவரத்தில் பக்கத்துக் கடைக்காரச் சிங்களவர் சிறிசேன தன் சாரம் ஒன்றை அவருக்கு உடுத்திவிட்டு, தன் தமையன் என்று சொல்லி அவரைக் காப்பாற்றினார். உயிரோடு வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு அந்த உடுப்பை அவர் விடவில்லை.

யாழ்ப்பாணத்தில் வேட்டி சால்வையோடு ரயில் ஏறுவார். சிங்கள ஊர்கள் தொடங்கும் மதவாச்சி தாண்டியதும் கழிவறைக்குள் போவார். வெளியே வரும்போது கட்டம் போட்ட சாரம், அகன்ற தோல் பட்டி, வெளியே விட்ட அரைக்கைச் சேட்டு. நெற்றி கழுவப்பட்டிருக்கும். சின்ன வயதில் காது குத்திய துளைகளை மெழுகு உருட்டி அடைத்து, மேலே பவுடர் தடவியிருப்பார். மணிக்கட்டில் பிரித் நூல். பன்சலையில் பிக்கு ஓதிக் கட்டிவிடும் அந்த வெள்ளை நூலை வருடம் தவறாமல் போய்க் கட்டிக்கொள்வார். திரும்பி வரும்போது எல்லாம் தலைகீழ். மதவாச்சிக்கு இந்தப் பக்கம் மறுபடி வேட்டி, திருநீறு. யாராவது கேட்டால், “அங்கத்தை வெக்கைக்குச் சாரம்தான் சுகம்” என்பார். வெக்கையாம். சரவணையில் பனியா பெய்கிறது?

இதில் அவருக்குப் பெருமை வேறு. வேலணை, சரவணைப் பக்கத்தில் தெற்கே கடை வைத்திருந்தவர்கள் பயணத்துக்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்து உடுத்துக் காட்டிவிட்டுப் போவார்கள். இவர் கதிரையில் இருந்து பார்வையிடுவார். பட்டியை இறக்கு என்பார். மடித்துச் சண்டிக்கட்டுக் கட்டாதே என்பார். சாரத்தின் ஓரத்தை ஒரு கையால் லேசாகத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் நடந்தும் காட்டுவார். பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் அறைக்குள் இருந்து கதவைச் சாத்துவேன். டிக்கெற் எடுத்துப் போகிற மனிதனுக்கு எதற்கு வேஷம் என்று ஒருமுறை கேட்டேன். “வேஷம் இல்லைப் பிள்ளை, குடை மாதிரி. மழை எண்டால் பிடிக்க வேண்டியதுதானே” என்றார். மழையைச் செய்கிறவனை அவர் ஒருநாளும் திட்டவில்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அவருடைய சட்டங்களில் கடைசியானது இது. வழியில் நம் ஆள் யாரையாவது கண்டால் தெரிந்ததாகக் காட்டக் கூடாது. ஒருவன் பிடிபட்டால் ஒருவனோடு போகட்டும்.

ஆவணியில் கலவரம் தொடங்கியது. கப்பலில் அகதிகளைக் காங்கேசன்துறையில் கொண்டுவந்து இறக்கினார்கள். அம்மாவின் தம்பி அப்புத்துரை மாமாவோடு நானும் ஒவ்வொரு முறையும் போய் நின்றேன். எரிந்த உடுப்போடு இறங்கினார்கள், ஒற்றைச் செருப்போடு இறங்கினார்கள். ஐயா இறங்கவில்லை. சிறிசேன ஆள் மூலம் சொல்லியனுப்பினார்: கடை போய்விட்டது, அண்ணனைப் பத்திரமாக பஸ் ஏற்றிவிட்டேன் என்று.

ஒரு மாதம் கழித்து ஐயாத்துரை வந்தார். வேலணைக்காரர், காலியில் கடை வைத்திருந்தவர். ஐயாவிடம் உடுத்துக் காட்டிப் பழகியவர்களில் ஒருவர். கதிரை போட்டேன், இருக்கவில்லை. முற்றத்திலேயே நின்றார்.

“பிள்ளை, அண்ணை வந்த பஸ்ஸிலைதான் நானும் வந்தனான்.”

அவர் சொன்னது இதுதான். கொழும்பிலிருந்து வடக்கே வந்த பஸ்ஸில் ஐயா முன்னால், இவர் நாலு வரிசை பின்னால். சட்டப்படி இருவரும் ஒருவரை ஒருவர் அறியார். குருநாகல் தாண்டியதும் ஐயா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஒரு சிங்களக் கிழவி அவர் தலையைத் தன் மடியில் வைத்துத் தண்ணீர் பருக்கினாள். பஸ்ஸைத் திருப்பி ஆசுபத்திரிக்கு விட்டார்கள். நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். ஐயாத்துரை இருந்த இடத்திலேயே இருந்தார். பஸ் மறுபடி புறப்பட்டது.

“நீங்கள் இறங்கேல்லையோ?”

“இறங்கினா ரெண்டு பேரும் போயிருப்பம். அண்ணைதானே அப்பிடிச் சொல்லித் தந்தவர்.”

“அவர் உங்களைக் கண்டவரோ?”

“ஓம். தூக்கேக்கை பாத்தவர். வராதை எண்டு கண்ணாலை சொன்னவர்.”

“நெஞ்சு நோவிலை துடிக்கிற மனுசன் கண்ணாலை அவ்வளவும் சொன்னவரோ?”

ஒரு மாதமாக ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டேன். எந்த முகத்தோடு வருவது என்றார். அம்மா உள்ளே இருந்து, அவருக்குத் தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார். நான் கொடுக்கவில்லை.

ஐயாவைக் கொண்டுவர வேண்டும். உயிரோடு இருந்தால் மனிதனாக, இல்லையென்றால் உடலாக, அவருடைய சொந்தப் பெயரில். அதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. மாமாவோடு புறப்பட்டேன். மதவாச்சி வந்ததும் மாமா என் நெற்றியைப் பார்த்தார்.

“பொட்டை அழி, பிள்ளை.”

“ஏலாது.”

“கொப்பர் இருந்தால் அழிக்கச் சொல்லுவார்.”

“அவர் இருந்தால் நான் ஏன் இந்த ரயிலிலை?”

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். குருநாகல் ஆசுபத்திரி வரை ஒருவரும் என்னை ஒன்றும் செய்யவில்லை. பார்த்தார்கள், அவ்வளவுதான். அதற்கும் எனக்கு ஆத்திரம் வந்தது.

வார்டில் இருந்த சிங்களத் தாதிக்கு அவரை நினைவிருந்தது. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன். அவள் பொறுமையாகச் சொன்னாள். அந்த ஊமை ஐயாவா என்றாள். இரண்டு நாள் உயிரோடு இருந்தார். நினைவு தெளிவாக இருந்தது. பெயர் கேட்டார்கள், ஊர் கேட்டார்கள், எங்கே நோகிறது என்று கேட்டார்கள். வாயே திறக்கவில்லை. நோவு கூடும்போது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்வாராம். பிறவி ஊமை என்று முடிவு செய்தார்கள்.

அவர் ஊமை இல்லை என்றேன். நாற்பது வருடம் மாத்தறையில் சிங்களத்தில் வியாபாரம் செய்தவர். கடைப் பேச்சு பிசகாது. ஆனால் படுக்கையில் நோவோடு பேசினால் தமிழ் வந்துவிடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அதனால் எங்கே நோகிறது என்று டொக்டரிடம்கூடச் சொல்லாமல் செத்தார்.

தாதி அழுதாள். உடலைக் கழுவும்போது காதுகளிலிருந்து மெழுகு உருண்டைகள் விழுந்தனவாம். என்னவென்று தெரியாமல் எறிந்துவிட்டாளாம். அதற்கு மேல் எனக்கு அடையாளம் தேவைப்படவில்லை. கையில் பிரித் நூல் இருந்ததால் அவளே ஒரு பிக்குவை அழைத்து, தன் செலவில் வெள்ளைத் துணி வாங்கிப் போர்த்தி, பொதுமயானத்தில் புதைக்கச் செய்திருந்தாள். தன் தகப்பனுக்குச் செய்வது போலச் செய்தேன் என்றாள். நன்றி சொன்னேன். அவளை வெறுக்க ஒரு காரணமும் கிடைக்காதது எனக்கு அன்று பெரிய கொடுமையாக இருந்தது. தமிழன் என்று தெரிந்திருந்தாலும் செய்திருப்பாளா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கேட்க வேண்டிய நிலையில் என்னை வைத்தவர்களைத்தான் இன்றுவரை திட்டுகிறேன்.

தோண்டி எடுக்க உத்தரவு கேட்டோம். பொறுப்பான அதிகாரி மரியாதையாகவே பேசினார். புதைக்கப்பட்டவர் சிங்களவர், பௌத்தர், ஊமை. உங்கள் தகப்பன் தமிழர், சைவர், பேசுகிறவர். இருவரும் ஒருவரே என்பதற்கு ஆதாரம் என்ன? ஆதாரம் இல்லை. அடையாள அட்டையை ஐயாவே மாத்தறையில் அடுப்பில் போட்டுவிட்டு வந்ததாகச் சிறிசேன பிறகு சொன்னார். மெழுகு குப்பைக்குப் போய்விட்டது. பஸ்ஸில் கண்ட ஒரே சாட்சி ஐயாத்துரை. அந்தப் பக்கம் வந்து கையெழுத்து வைக்க மாட்டேன் என்றார். வேலையை அவ்வளவு திருத்தமாகச் செய்து முடித்திருந்தார் என் தகப்பன்.

உடலுக்குப் பதிலாக ஐயர் தர்ப்பையால் ஓர் உருவம் செய்தார். அம்மா அதற்குப் புது வேட்டி சுற்றித் திருநீறு பூசினார். மாமா சுடலைக்குக் கொண்டுபோய்க் கொள்ளி வைத்தார். பெண் என்பதால் நான் வீட்டுப் படலை வாசல் வரைதான். தர்ப்பை எரிய எவ்வளவு நேரம் ஆகும்? போன சூட்டோடு திரும்பி வந்தார்கள்.

அந்தியேட்டிக் கிரியை முடிந்த மறுநாள் அம்மா ஒரு நேர்த்திக்கடனைப் பற்றிச் சொன்னார். 1958இல் ஐயா உயிரோடு திரும்பினால் நயினாதீவு அம்மன் கோயில் வீதியில் பிரதட்டை பண்ணுவார் என்று அம்மா நேர்ந்திருந்தாராம். ஈர வேட்டியோடு, வெறும் மேலோடு, வீதி முழுதும் உருள வேண்டும். ஐயாவும் ஒப்புக்கொண்டார். ஒவ்வொரு திருவிழாவுக்கும் அடுத்த வருடம் என்றார். இந்த ஆடியிலும் போகும்போது, வந்து செய்கிறேன் என்று சொல்லிவிட்டே போனாராம்.

“அதை முடிச்சிருந்தா அம்மன் கைவிட்டிருக்க மாட்டா,” என்றார் அம்மா.

“அம்மனோ பஸ்ஸிலை இருந்து பாத்துக்கொண்டிருந்தது?” என்றேன்.

அம்மா காதைப் பொத்திக்கொண்டார். ஐயாவுக்காக அப்புத்துரை மாமா உருளலாம் என்று கோயிலில் சொன்னார்களாம். மாமாவும் சம்மதம் என்றார். குறிகட்டுவானில் வள்ளம் பிடிக்க நாளும் பார்த்தார்கள். நான் விடவில்லை. அது அவருடைய உடம்பு உருள வேண்டிய வீதி. அவருடைய பெயரில் வேறொருவர் இனி எதையும் உடுத்திக்கொண்டு எங்கேயும் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நேர்த்தி செய்யாமலே கிடக்கிறது.