கரடிகளுக்கு நடுவே சால்மன் கட்லட்

லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் எங்கள் தெருவிலுள்ள தமிழ்க் குடும்பங்களுக்குப் போகாத நாடு என்று ஒன்றும் மிச்சமில்லை. ஒரு வீட்டார் டுபாயில் ஒட்டகம் ஏறினார்கள். இன்னொரு வீட்டார் நோர்வேக்குக் கப்பலில் போய், பனிமலைக்கு முன்னால் பட்டுச்சேலையுடன் நின்று படம் எடுத்தார்கள். திரும்பி வந்ததும் எல்லாரையும் தேநீருக்குக் கூப்பிட்டு, அத்தனை படங்களையும் பெரிய டிவியில் போட்டுக் காட்டுவது முறை. நானும் மனைவியும் பல வருடங்கள் பார்வையாளர்களாகவே இருந்தோம். நான் லண்டனில் இருபது வருடமாக பஸ் ஓட்டுகிறவன். எங்கள் சுற்றுலாக்கள் ஜெர்மனியிலிருக்கும் என் தங்கையின் வீட்டு சோபாவில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடும்.

எங்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருடம் நிறைந்தபோது மனைவி ஒரு முடிவுக்கு வந்தாள். கோயிலில் காண்கிற ஒருவரும் போயிராத இடத்துக்குப் போகவேண்டும். இடம் அழகாக இருக்கவேண்டும் என்றோ வசதியாக இருக்கவேண்டும் என்றோ அவள் கேட்கவில்லை. ஒருவரும் போயிருக்கக்கூடாது, அவ்வளவுதான். மகள் இணையத்தில் தேடி அலாஸ்காவைக் கண்டுபிடித்தாள். அங்கே ஒரு சின்ன விமானத்தில் காலையில் ஏறினால், சாலையே இல்லாத ஒரு காட்டுக் கடற்கரையில் கொண்டுபோய் இறக்குவார்களாம். வேலியும் கூண்டும் இல்லாமல் காட்டுக் கரடிகளைப் பார்த்துவிட்டு மாலையில் திரும்பலாமாம். ஏன் நம்மவர்கள் ஒருவரும் அங்கே போகவில்லை என்று நாங்கள் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

முதல் சிக்கல் விண்ணப்பப் படிவத்திலேயே வந்தது. பெயர், வயது, அதற்கடுத்து உடல் எடை. மனைவி தயங்காமல் ஓர் எண்ணை எழுதினாள். அந்த எடையுள்ள பெண்ணை எனக்குத் தெரியும். எங்கள் கல்யாண அல்பத்தில் இருக்கிறாள். நானும் என் பங்குக்கு ஏழெட்டுக் கிலோவைக் குறைத்தேன்.

அலாஸ்காவில் நாங்கள் போய்ச் சேர்ந்தது கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். விமானக் கம்பனியின் அலுவலகம் ஒரு மரக் கொட்டில். அதற்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது, மொத்தக் கடைகளில் அரிசி மூட்டை நிறுக்கிற மாதிரி ஒரு தராசு. கோட்டு, சப்பாத்து, கைப்பை எல்லாவற்றோடும் ஒவ்வொருவராக அதில் ஏறி நிற்கவேண்டும். விமானி ஓர் இளம்பெண். தொப்பி போட்டிருந்தாள். கொட்டிலைக் கூட்டுவதும் அவள்தான், விமானம் ஓட்டுவதும் அவள்தான், கரடி காட்டுவதும் அவள்தான். அவள் தராசையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, குளிர்க் கோட்டுகள் எப்போதும் பாரமானவைதான் என்று மனைவியைப் பார்த்துப் பரிவோடு சொன்னாள்.

"மெசின் பிழை எண்டு அவளுக்குச் சொல்லுங்கோ," என்றாள் மனைவி என்னிடம்.

நான் ஏறினேன். என் விஷயத்திலும் மெசின் பிழையாகத்தான் இருந்தது. எங்களோடு கலிபோர்னியாவிலிருந்து வந்த ஒரு முதிய தம்பதி மட்டும் எழுதிய எடையையே காட்டினார்கள். உலகத்தில் அப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள். விமானி ஒரு தாளை எடுத்து இருக்கைகளை மறுபடி கணக்குப் போட்டாள். என்னைத் தனக்குப் பக்கத்தில் முன் சீட்டிலும், மனைவியை எனக்குப் பின்னாலும், உண்மை பேசியவர்களை வால் பக்கத்திலும் வைத்தாள்.

டிப்போவிலிருந்து பஸ்ஸை எடுப்பதற்கு முன் நான் விளக்கு, கதவு, டயர் எல்லாம் பார்த்துக் கையெழுத்து வைக்கவேண்டும். ஆகவே அவள் என்ன செய்கிறாள் என்று கவனித்தேன். விமானத்தைச் சுற்றி நடந்தாள். இறக்கையை இரண்டு தட்டுத் தட்டினாள். சக்கரத்தைக் காலால் உதைத்தாள். ஏறி உட்கார்ந்ததும், அசையாமல் நின்ற ஒரு டயலை விரலால் சுண்டினாள். முள் ஆடியது. அவளுக்குத் திருப்தி. என் பஸ்ஸில் அப்படி ஒரு டயல் இருந்தால் நான் டிப்போவுக்குப் போன் அடித்துச் சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன். பயணிகள் திட்டுவார்கள், அது வேறு விஷயம்.

இயந்திரம் உறுமியதும் மனைவி பின்னாலிருந்து என் தோளைப் பிடித்தாள். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எங்கள் வயதுக்காரருக்குச் சின்ன விமானத்தின் சத்தத்துக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். கேட்டால், குண்டு விழுவதற்குள் பங்கர்க் குழிக்குள் ஓடவேண்டும். அவள் பள்ளிச் சீருடையோடு ஓடியிருக்கிறாள். நான் பாதிச் சாப்பாட்டில், கை கழுவாமல் ஓடியிருக்கிறேன். இப்போது இரண்டு பேரும் எங்கள் சொந்த விருப்பத்தில், லண்டனிலிருந்து இரண்டு விமானம் மாறி வந்து, எடையைப் பொய் சொல்லி, அந்தச் சத்தத்துக்குள்ளேயே ஏறி உட்கார்ந்திருந்தோம்.

காதுக்குப் போட எல்லாருக்கும் ஹெட்போன் தந்திருந்தார்கள். அதில் மைக்கும் உண்டு என்பது மனைவிக்குத் தெரியாது. மேலே கிளம்பியதும் அவள் தேவாரம் பாடத் தொடங்கினாள். வாய்க்குள் முணுமுணுப்பதாக அவள் நினைத்தாள். நாங்கள் நான்கு பேரும் ஒரு சொல் விடாமல் கேட்டோம். விமானம் குலுங்கியபோதெல்லாம் சுருதி கூடியது. கீழே பனி ஆறுகளும் எரிமலையும் கடந்து போயின. வால் பக்கத்துத் தம்பதி அது இந்தப் பயணத்தோடு சேர்ந்த நிகழ்ச்சி என்று நினைத்தார்களோ என்னவோ, இறங்கும்போது கை தட்டினார்கள். விமானி நன்றி சொன்னாள். மனைவி என்னை முறைத்தாள். நான்தான் முன்பே சொல்லியிருக்கவேண்டுமாம்.

ஓடுபாதை என்று எதுவும் இல்லை. கடல் வற்றிக் கிடந்த ஈர மணலில் விமானம் இறங்கி நின்றது. முழங்காலுக்கு மேல் வரும் ரப்பர் பூட்ஸ்களைத் தந்தபடி விமானி விதிகளைச் சொன்னாள். ஒருவர் பின் ஒருவராக நடக்கவேண்டும். எது வந்தாலும் ஓடக்கூடாது. சாப்பாட்டுச் சாமான் எதுவும் கையில் இருக்கக்கூடாது, எல்லாவற்றையும் விமானத்திலுள்ள இரும்புப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டவேண்டும். கலிபோர்னியாக்காரர்கள் இரண்டு சாக்லேட்டைப் போட்டார்கள். நான் இருமல் மிட்டாயைப் போட்டேன். மனைவி கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி கடலைப் பார்த்தாள். அவளுக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. டாய்லெட் எங்கே? நான் மொழிபெயர்த்துக் கேட்டேன். விமானி கையை விரித்து அலாஸ்கா முழுவதையும் காட்டினாள்.

அரைமணி நேரம் நடந்த பிறகு ஒரு புல்வெளி வந்தது. அங்கே ஏழெட்டுக் கரடிகள் நின்றன. பழுப்பு நிறம், ஒவ்வொன்றும் ஒரு வான் வண்டி அளவு. உறுமலும் சண்டையும் இருக்கும் என்று நான் போனை நீட்டிப் பிடித்தேன். அவை தலையைக் குனிந்து புல் தின்றுகொண்டிருந்தன. ஒன்றுகூட எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இதைப் பாக்கவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்? மாடு மாதிரிப் புல்லுத் தின்னுது," என்றாள் மனைவி.

விமானி மெல்லிய குரலில் விளக்கினாள். ஆற்றில் சால்மன் மீன் ஏற இன்னும் சில வாரம் இருக்கிறது. அதுவரை இவை புல்லில் காலம் தள்ளும். சால்மன்தான் இவற்றுக்கு உயிர். அதன் வாசம் எத்தனையோ மைல் தூரத்திலிருந்து வந்தாலும் கண்டுபிடித்துவிடும்.

நான் இதைத் தமிழில் சொன்னேன். மனைவியின் முகம் வெளுத்தது. அவள் என் கையைக் கிள்ளினாள்.

"இஞ்சேரப்பா, கைப்பைக்குள்ளை கட்லட் கிடக்கு."

"என்ன கட்லட்?"

"சால்மன் கட்லட்."

முதல்நாள் சாயந்தரம் வாடகை அறையின் சமையலறையில் எண்ணெய் வாசம் வந்தபோது நான் கேட்டிருக்கவேண்டும். வெள்ளைக்காரர் தரும் சாண்ட்விச்சை நம்பி ஒரு முழு நாள் இருக்க ஏலாது என்று, உள்ளூர்க் கடையில் டின் மீன் வாங்கி, உருளைக்கிழங்கும் பச்சை மிளகாயும் போட்டுப் பன்னிரண்டு கட்லட் பொரித்திருக்கிறாள். பெட்டியில் போடச் சொன்னபோது ஏன் போடவில்லை என்று கேட்டேன். எல்லாருக்கும் முன்னால் எடுத்தால் பங்கு கேட்பார்கள் என்று பார்த்தாளாம்.

நான் விமானியிடம் விஷயத்தைச் சொன்னேன். வாழ்க்கையில் அவ்வளவு பணிவாக நான் ஆங்கிலம் பேசியதில்லை. அவள் கோபிக்கவில்லை. கையை நீட்டினாள். மனைவி பொட்டலத்தைக் கொடுத்தாள். விமானி அதைத் தன் முதுகுப்பையிலிருந்த தடித்த பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போட்டு முறுக்கி மூடினாள். மூடி முடிவதற்குள், தூரத்தில் நின்ற ஒரு கரடி தலையை உயர்த்தி மூக்கைக் காற்றில் நீட்டியது. பிறகு எங்களை நோக்கி நடந்து வந்தது. அதன் பின்னால் இரண்டு குட்டிகள்.

எல்லாரையும் நெருக்கமாக உட்காரச் சொன்னாள் விமானி. எழும்பக்கூடாது, பேசக்கூடாது. உட்கார்ந்தோம். என் கால்களுக்கு எப்போது ஓடவேண்டும் என்று மட்டும்தான் சின்ன வயதிலிருந்து தெரியும். இருக்கப் பழகியதில்லை. மனைவி என் முழங்காலை அமத்திப் பிடித்துக்கொண்டாள். கரடி ஒரு பஸ் நீளத்துக்குள் வந்தது. அது மூச்சு விடுவது கேட்டது. எங்களை ஒரு முறை பார்த்தது. பிறகு முதுகை எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டு புல்லில் சரிந்தது. குட்டிகள் இரண்டும் அதன் வயிற்றில் ஏறிப் பால் குடிக்கத் தொடங்கின. குடிக்கும்போது ஒரு சத்தம் வந்தது, பழைய குளிர்சாதனப் பெட்டி ஓடுகிற மாதிரி.

வாசத்துக்கு வரவில்லை என்று விமானி எங்கள் காதோடு சொன்னாள். ஆண் கரடிகள் குட்டிகளைக் கொன்றுவிடும். ஆனால் அவை மனிதர்களுக்குக் கிட்ட வராது. அதனால் தாய்க் கரடிகள் சில, ஆட்கள் இருக்கிற இடமாகப் பார்த்து வந்து பால் கொடுக்கும்.

நான் அதை மனைவிக்குச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் அந்தப் பெரிய முதுகையே பார்த்தாள்.

"அப்ப இது எங்களிட்டை அசைலம் அடிச்சிருக்கு," என்றாள். அகதித் தஞ்சம் கேட்பதை நம்மவர்கள் அப்படித்தான் சொல்வது.

அவள் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்தாள். அரைமணி நேரத்துக்கு மேல் நாங்கள் அப்படியே இருந்தோம். அந்த நேரம் முழுவதும் எங்களால் ஒரு உயிருக்கு ஏதோ பிரயோசனம் இருந்தது. நாங்கள் செய்யவேண்டியிருந்தது சும்மா இருப்பது மட்டும்தான். தாய்க் கரடி எழுந்து, உடம்பை உதறி, குட்டிகளைக் கூட்டிக்கொண்டு போனது. திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பும் வழியில் விமானத்துக்குள் உட்கார்ந்து பன்னிரண்டு கட்லட்டையும் ஐந்து பேரும் தின்றோம். விமானி மூன்று தின்றாள்.

லண்டனுக்கு வந்த அடுத்த சனிக்கிழமை வெம்பிளியில் மனைவியின் அண்ணன் வீட்டில் எல்லாரும் கூடினார்கள். பெரிய டிவியில் என் போனை இணைத்தார்கள். கரடி பக்கத்தில் வந்தபோது நான் பதற்றத்தில் எந்தப் பொத்தானை அமத்தினேனோ தெரியாது, கமரா என் பக்கம் திரும்பியிருக்கிறது. பதினொரு நிமிடம் ஓடிய அந்த வீடியோவில், திறந்த வாயோடு என் முகமும் அதற்குப் பின்னால் அலாஸ்காவின் வானமும் மட்டுமே இருந்தன. கரடி வரவேயில்லை. அறை முழுதும் சிரித்தது. அடுத்த கோடைக்குத் தானும் குடும்பமும் போகப்போவதாகவும், நல்ல கமரா கொண்டுபோவதாகவும் அண்ணன் அறிவித்தார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. கரடி கையெட்டும் தூரத்தில் நின்றதாகச் சொன்னேன். இரவுச் சாப்பாடு பரிமாறப்படுவதற்குள், என் கதையில் அது என் பூட்ஸை முகர்ந்துவிட்டது.

மனைவி அதைத் திருத்தவில்லை. அந்தத் தாய்க் கரடியைப் பற்றியும் ஒரு சொல் சொல்லவில்லை. வீட்டுக்குப் போகும்போது காரில் ஏன் என்று கேட்டேன்.

"சொன்னா அவையள் சிரிப்பினம். நீங்களும் சேர்ந்து சிரிப்பீங்கள்," என்றாள்.

அது உண்மை. நோர்த் சேர்குலர் சாலையில் வழக்கம்போல வாகனங்கள் நகராமல் நின்றன. அவள் அலாஸ்கா பூட்ஸ் உரஞ்சி இன்னும் சிவந்திருந்த காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டு நித்திரையாகிவிட்டாள்.