சிதம்பரத்தில் ஒரு காலரா ஒத்திகை

அப்போது எனக்கு இருபத்து நாலு வயசு. கடலூர் மஞ்சக்குப்பத்தில், நாடு முழுக்கக் கிளைகள் உள்ள ஒரு சேவைச் சங்கத்தின் மாவட்ட ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை. வெள்ளம், தீவிபத்து, தொத்து வியாதி என்று ஜனங்களுக்கு ஆபத்து வரும்போது போய் நிற்கிற சங்கம் அது. அங்கே சம்பளம் வாங்குகிற ஆள் நான் ஒருத்திதான். அதனால் ஸ்டோர் ரூம் சாவியும் என்னிடமே இருந்தது. செயலாளர் ஒரு வக்கீல். சாயங்காலம் கோர்ட் முடிந்ததும் கறுப்புக் கோட்டோடு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்.

ஒருநாள் மெட்ராஸிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. கிழக்கே தீவுகளில் கிளம்பிய புது வகைக் காலரா, துறைமுகம் துறைமுகமாகத் தாவி நாடு நாடாகப் பரவிக்கொண்டிருக்கிறது, எந்த மாவட்டத்திலும் தலைகாட்டலாம், உங்கள் கிளை தயாராக இருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள். செயலாளர் படித்துப் பார்த்தார்.

"தயாரா இருக்கோம்னு ஒரு லெட்டர் அடிச்சுடும்மா" என்றார்.

அடித்தேன். கையெழுத்தாகித் தபாலுக்கும் போய்விட்டது.

ராத்திரி அதே நினைப்பாக இருந்தது. காலையில் முதல் வேலையாக ஸ்டோர் ரூமைத் திறந்தேன். மடக்குக் கட்டில்களில் பாதிக்குக் கித்தான் துணி இல்லை, எலி தின்றிருந்தது. சலைன் ஏற்றுகிற ரப்பர் குழாய்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், இழுத்தால் பிய்ந்து வந்தன. பிளீச்சிங் பவுடர் டின்னைத் திறந்து மூக்கை நீட்டினேன். ஒரு நெடியும் இல்லை, சுண்ணாம்பு மாதிரி கட்டிக் கிடந்தது.

சாயங்காலம் செயலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார்.

"எழுதுனது எழுதியாச்சு. அது பொய்யாயிடக் கூடாது. என்னென்ன வேணும்னு ஒரு லிஸ்ட் போடு" என்றார்.

லிஸ்ட் மெட்ராஸுக்குப் போய்ச் சாமான்கள் வந்து சேர இரண்டு மாசம் ஆயிற்று. அதற்குள் தொண்டர்களைச் சேர்த்தோம். பெண்கள் பக்கம் ஆள் கிடைப்பது கஷ்டமாக இருந்தது. வந்தவர்களில் முதல் ஆள் பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் பெண். என்னைவிட ஆறேழு வயசு மூத்தவர். வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு பாசஞ்சர் வண்டியில் தனியாகவே வந்து இறங்கியிருந்தார். கையில் ஒரு வெளிநாட்டுக் கடுதாசி.

"எங்க வூட்டுக்காரவுங்க பினாங்குல ஜவுளிக் கடை வச்சிருக்காங்க. இந்தக் காலரா அங்க வந்துட்டுப் போயிருக்கு. அவுங்க தெருவுல யார் யார் எப்படிப் பொழைச்சாங்கன்னு விவரமா எழுதியிருக்காங்க. படிச்சுப் பாரு தங்கச்சி" என்றார்.

படித்தேன். சுற்றறிக்கையில் இல்லாத விஷயமெல்லாம் அதில் இருந்தது. யார் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தார்கள், நோயாளியின் துணியை எங்கே துவைத்தார்கள், எந்தக் கிணற்றை மூடினார்கள் என்று கடைக்கணக்கு மாதிரி வரிசையாக எழுதியிருந்தார். செயலாளர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, டைப் அடித்து ஃபைலில் வைக்கச் சொன்னார். சொந்த சமாச்சாரம் இருந்த கடைசிப் பத்தியை மட்டும் விட்டுவிட்டு அடித்தேன். அந்தப் பரங்கிப்பேட்டைப் பெண்ணை, அவர் ஊரில் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி, நானும் ராத்தா என்றே கூப்பிட ஆரம்பித்தேன்.

எங்கள் பெரிய கவலை சிதம்பரம். ஆனித் திருமஞ்சனத்துக்கு ஊரில் ஜனம் தாங்காது. அங்கே நோயாளிகளை வைத்துப் பார்க்க வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு சத்திரத்தைக் கேட்டு வாங்கினோம். காலரா கட்டிலுக்குக் கித்தானின் நடுவில் வட்டமாக ஓட்டை போட்டு ஓரம் அடிக்க வேண்டும், அடியில் வாளி வைப்பதற்கு. அதை அந்த ஊர்த் தையல்காரர் ஒருவர் அடித்துக் கொடுத்தார். எதற்கு இந்த ஓட்டை என்று கேட்டவர், விஷயம் தெரிந்ததும் தானும் தொண்டராகச் சேர்ந்துகொண்டார். எங்களுக்குப் பாடம் நடத்திய லேடி டாக்டர் சுருக்கமாகச் சொன்னார்: "ஒடம்புத் தண்ணி வெளிய போறதாலதான் சாவு. போன தண்ணிய நாம ஏத்திட்டா ஆளு எழுந்து ஒக்காருவாங்க. சீக்கிரம் கொண்டு வரணும், அவ்வளவுதான்."

காலராத் தடுப்பு ஊசி போட்டுக்கொள்ள மட்டும் யாரும் வரவில்லை. கை வீங்கும், காய்ச்சல் வரும், வேலைக்குப் போக முடியாது என்று சொல்லிவிடுவார்கள். வீதி வீதியாகப் போய்ச் சொல்லியும் ஒரு நாளைக்குப் பத்துப் பேர் வந்தால் அதிகம்.

திருவிழாவுக்குப் பத்து நாள் முன்னால் ஒத்திகை வைத்தோம். தையல்காரர்தான் நோயாளி. பஸ் ஸ்டாண்டில் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழ வேண்டும், இரண்டு தொண்டர்கள் ஜட்காவில் ஏற்றிச் சத்திரத்துக்குக் கொண்டுவர வேண்டும், எத்தனை நிமிஷம் ஆகிறது என்று நான் பார்க்க வேண்டும். இது ஒத்திகை, யாரும் பயப்பட வேண்டாம் என்று நோட்டீஸ் எழுதி ஒட்டுவது என் பொறுப்பு. முனிசிபல் ஆபீஸில் ஒட்டினேன், கடைவீதியில் ஒட்டினேன், கோயில் வாசலில் ஒட்டினேன். பஸ் ஸ்டாண்டில் ஒட்ட மறந்துபோனேன்.

தையல்காரர் நன்றாகவே நடித்துவிட்டார். வாயில் கஞ்சித் தண்ணியை வைத்திருந்து துப்பினாராம். ஜட்கா சத்திரத்துக்கு வந்து சேர்வதற்குள் ஊரெல்லாம் சேதி பரவிவிட்டது. காட்டுமன்னார்கோயில் பஸ்ஸில் வந்தவர்கள் இறங்க மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். ஓட்டல்களில் இலையில் உட்கார்ந்தவர்கள் பாதியில் எழுந்துவிட்டார்கள். அரை மணி நேரத்தில் பஸ் ஸ்டாண்ட் ஓட்டல்காரர் சத்திரத்து வாசலில் வந்து நின்றார். சத்தம் போடவில்லை. அதுவே எனக்கு அதிகக் கஷ்டமாக இருந்தது.

"ஏம்மா, என் கடையில சாப்பிட்டுதான் அந்த ஆளு விழுந்தான்னு சொல்றாங்க. நான் என்ன பண்ணுவேன்?"

"தப்பு என்னுதுங்க. உங்க பக்கம் நோட்டீஸ் ஒட்டாம விட்டுட்டேன்" என்றேன்.

ராத்தா வெளியே வந்தார். "அண்ணே, நாங்க எல்லாரும் இப்ப உங்க கடைக்கு வந்து சாப்புடுறோம். நோயாளியையும் கூட்டிக்கிட்டு வர்றோம்" என்றார்.

அப்படியே செய்தோம். முன்னால் தையல்காரர், பின்னால் பன்னிரண்டு தொண்டர்கள், நான், ராத்தா. நேரே ஓட்டலுக்குப் போகாமல் நாலு வீதியையும் சுற்றிக்கொண்டு நடந்தோம். வழியெல்லாம் ஜனங்கள் அவரை நிறுத்தினார்கள்.

"ஒனக்குத்தானய்யா காலரா?"

"இல்லீங்க, நடிச்சேன். ஒத்திகைங்க."

அவர் ஒவ்வொருவருக்கும் நின்று நிதானமாகப் பதில் சொன்னார். ஓட்டலில் எல்லோரும் தெரிகிற மாதிரி வெளிப்பக்கத்து மேசையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டோம். அந்தக் காலத்தில் பொம்பளைகள் அப்படி உட்கார்ந்து சாப்பிடுகிற வழக்கம் இல்லை. எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ராத்தா துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு இன்னொரு காபி கேட்டார். கிளம்பும்போது ஓட்டல்காரரிடம், "இனிமே தண்ணிய நல்லாக் காய்ச்சி ஆறவச்சு வைங்கண்ணே. காய்ச்சுன தண்ணின்னு போர்டு போட்டா கூட்டம் தானா வரும்" என்று சொன்னார். அவர் மறுநாளே போர்டு போட்டார்.

நாங்கள் எதிர்பார்க்காதது அடுத்த நாள் நடந்தது. காலை ஏழு மணிக்கு நான் சத்திரத்துக் கதவைத் திறந்தபோது, ஊசிக்கு ஜனம் வரிசையில் நின்றது. முன்னால் நின்ற பூக்காரம்மா சொன்னார்: "பொய்க் காலராவுக்கே நேத்து யாவாரம் படுத்து எங்க ஊட்டுல அடுப்பு எரியல. நெசமா வந்தா எப்படி இருக்கும்? போடு தாயி."

டாக்டரும் நர்ஸும் மதியம் வரை கை ஓயாமல் போட்டார்கள். திருவிழா முடியும்வரை தினமும் அதே கூட்டம். திருவிழாவும் ஒரு குறையில்லாமல் நடந்து முடிந்தது. என்மேல் செயலாளருக்கு வருத்தம் இருக்கும் என்று பயந்துகொண்டே கடலூர் திரும்பினேன். அவர் ரிப்போர்ட்டைப் படித்து வெகுநேரம் சிரித்தார். பிறகு, "ஆனா அடுத்த தடவ பஸ் ஸ்டாண்டுல ஒட்டிடு" என்றார்.

நிஜக் காலரா கார்த்திகை மழைக்குப் பிறகு வந்தது. வீராணம் ஏரிப் பக்கத்துக் கிராமத்தில், வெள்ளம் வடிந்த வயலில் வேலை செய்த ஒரு பெண்ணுக்கு விடியற்காலையில் கண்டது. அவள் புருஷன் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்து டவுன் பஸ்ஸை மறித்திருக்கிறான். கண்டக்டர் ஏற்ற மறுக்கவில்லை. பின் சீட்டைக் காலி செய்து, வழியில் எங்கும் நிறுத்தாமல் சத்திரத்து வாசலுக்கே பஸ்ஸைக் கொண்டுவரச் சொன்னார். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து நானும் ராத்தாவும் முறை வைத்து அங்கே தங்கியிருந்தோம். அன்று இருவருமே இருந்தோம்.

அவளுக்குக் கண் உள்ளே போயிருந்தது, விரலெல்லாம் சுருங்கிக் கிழவி விரல் மாதிரி இருந்தது. நாடி கிடைக்கவில்லை. கட்டிலில் போட்டோம், வாளியை வைத்தோம். கொதிக்கவைத்து எடுத்த குழாய்கள் தயாராக இருந்தன. டாக்டர் ஓடிவந்து நரம்பைத் தேடிப் பிடித்து ஊசியை ஏற்றினார். நான் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் முகத்தையே பார்த்ததில் பாட்டில் தாழ்ந்துபோனதைக் கவனிக்கவில்லை. "நான் புடிக்கிறேன், நீ அடுத்த பாட்டிலத் தொடச்சு வை" என்றார் ராத்தா. பாட்டிலை வாங்கி உயரத் தூக்கிப் பிடித்தார். மூன்றாவது பாட்டிலில் அவள் கண்ணைத் திறந்து, "மாட்டுக்குத் தண்ணி காட்டுனாங்களா?" என்று புருஷனைக் கேட்டாள். அவன் சுவரோரமாக உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். நானும் கொஞ்ச நேரம் கொல்லைப்புறம் போய் நின்றுவிட்டு வந்தேன்.

அந்த வாரம் அதே பக்கத்திலிருந்து இன்னும் ஐந்து பேர் வந்தார்கள். தொண்டர்கள் கிராமத்துக் கிணறுகளில் பவுடர் போட்டார்கள், வீடு வீடாகப் போய்த் தண்ணீரைக் காய்ச்சச் சொன்னார்கள். அதோடு நின்றது.

அந்த நாட்களுக்கு நடுவில் ராத்தாவின் கணவர் பினாங்கிலிருந்து கப்பலேறி ஊருக்கு வந்திருந்தார். பரங்கிப்பேட்டை வீட்டில் மனைவி இல்லை என்று தெரிந்து, பெட்டியை வைத்துவிட்டுச் சிதம்பரம் வந்துவிட்டார். மூன்று வருஷத்துக்கு அப்புறம் பார்க்கிறார்கள். ராத்தா சத்திரத்து வாசலுக்கு உள்ளேயே நின்றுகொண்டு, "மச்சான், ஊசி போட்டுக்கிட்டீங்களா?" என்று கேட்டார். அவர் சட்டைப் பையிலிருந்து கப்பலில் காட்டிய ஊசிச் சீட்டை எடுத்து நீட்டினார். ராத்தா தேதியைப் பார்த்துவிட்டு, "அப்ப உள்ள வாங்க. அண்டாவுல தண்ணி காயுது, செத்த பாத்துக்குங்க" என்றார். மனிதர் இரண்டு நாள் வெந்நீர் அடுப்பைப் பார்த்துக்கொண்டார். நான் டைப் அடித்த அவருடைய கடுதாசியைப் பற்றிச் சொன்னதும், கடைசிப் பத்தியை அடித்தேனா என்று மட்டும் மெதுவாகக் கேட்டார். இல்லை என்றேன். நிம்மதியாகச் சிரித்தார்.

முதலில் வந்த பெண் நாலாம் நாள் தானாக எழுந்து நடந்தாள். புறப்படும் அன்று தலைக்குக் குளித்து, ராத்தா கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டாள். பஸ் வர நேரமாகும் என்று வாசலில் உட்காரச் சொன்னோம். அவள் கேட்கவில்லை. துடைப்பத்தை எடுத்துத் தான் படுத்திருந்த இடத்தைப் பெருக்கிவிட்டு, புருஷனோடு வெயிலில் இறங்கிப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போனாள்.