சிங்கு கோயில் வாசலில் அம்சா

"தொப்பி ஆவாதுங்க சார். அதைக் கழட்டிட்டு இதைக் கட்டிக்கினு போங்க."

சொல்லிக்கொண்டே அம்சா பெட்டியிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்து உதறினாள். காரில் குடும்பத்தோடு வந்திறங்கிய சென்னைக்காரர் குனிந்து தலையைக் கொடுத்தார். துணியை முக்கோணமாக மடித்து, நெற்றியில் வைத்து, பின்னால் இழுத்து ஒரு முடிச்சு. மனிதருக்கு உச்சியில் முடி கம்மி; துணி வழுக்கியது. "இந்தத் தலைக்கு ரெட்டை முடிச்சுதான்" என்று இன்னொன்று போட்டாள். அவர் மனைவி சிரித்துவிட்டாள். அம்சா சிரிக்கவில்லை. "பாக்கெட்ல சிகரெட்டு, பாக்கு இருந்தா இங்கயே வெச்சிடுங்க. ஜல்தி, பின்னால ஆளு நிக்குது."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. ஒலக்கூரைத் தாண்டி, நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகள் நிற்கும் திடலுக்குப் பின்னால் இருக்கிறது அந்தச் சின்ன குருத்வாரா. வடக்கேயிருந்து வரும் சீக்கிய லாரிக்காரர்கள் குளித்து, கும்பிட்டு, ஒரு வாய் சாப்பிட்டுப் போவதற்காகக் கட்டியது. சுற்றுப்பட்டு ஊர்களில் அதற்குப் பெயர் சிங்கு கோயில். வாசலில் ஒரு பக்கம் செருப்பு அலமாரி, மறுபக்கம் கால் கழுவக் குழாய், நடுவில் தலைத்துணிப் பெட்டி. பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அதுதான் அம்சாவின் இடம். அவளை யாரும் அங்கே வேலைக்கு வைக்கவில்லை. போ என்று யாரும் சொன்னதும் இல்லை.

வயது நாற்பத்து நான்கு. பார்ப்பவர்கள் ஐம்பத்தைந்து சொல்வார்கள். வாரத்தில் ஆறு நாள் மல்லாட்டைக் கொல்லையில் நிலக்கடலைக்குக் களையெடுப்பாள், அல்லது கூலிக்கு நடவுக்குப் போவாள். ஏழாம் நாள் தலைக்குக் குளித்து, ஒரு முழம் மல்லிகை வைத்து, நெற்றியில் ஒரு ரூபாய் அளவுக்குக் குங்குமம் இட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள். அந்தப் பொட்டைப் பற்றி அவள் ஊரில் பேசாத வாய் கிடையாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அங்கே என்ன உடுத்தலாம், என்ன கூடாது என்பதில் அம்சாவை யாரும் அசைக்க முடியாது. முட்டிக்கு மேல் ஏறிய கால்சட்டைக்கு உள்ளே அனுமதி இல்லை. அவள் ஒரு பழைய வேட்டியை நீட்டுவாள். தோள் தெரிகிற சட்டைக்கு ஒரு துப்பட்டா. கடற்கரைக்குப் போகிற வழியில் வந்த ஒரு பெண், "சாமிக்கு என் டிரெஸ்ல என்ன ஆன்ட்டி?" என்று கேட்டாள். "சாமிக்கு ஒண்ணும் இல்ல பாப்பா. கீழ உக்காந்து சாப்புடணும், நாலு பேருக்கு நடுவுல. உனக்குத்தான் பேஜாரு" என்றாள் அம்சா. அந்தப் பெண் வாங்கிச் சுற்றிக்கொண்டாள்.

அவள் ஊர்க்காரர் மண்ணாங்கட்டி என்பவர் ஒருமுறை வேடிக்கை பார்க்க வந்தார். மரியாதை தெரிந்த மனிதர். வாசலுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி மடித்தார், தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார், வெறும் மார்போடு கைகூப்பி நின்றார். உள்ளேயிருந்த சர்தார்கள் திகைத்துப்போனார்கள். அம்சா ஓடிப்போய் அவர் கையிலிருந்த சட்டையைப் பிடுங்கி, "மாட்டுங்க சித்தப்பா, மாட்டுங்க" என்றாள். "நம்ம சாமிக்குத் துண்டு இடுப்புல. இந்தச் சாமிக்குத் தலையில. மரியாதை ஒண்ணுதான், எடம்தான் வேற." அவர் துண்டைத் தலையில் கட்ட ரொம்ப யோசித்தார். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டான் என்றால் குடி முழுகிப்போனவன் என்று அர்த்தமாகிற ஊர்க்காரர் அவர்.

பெண்களுக்கு அவள் சொல்வது ஒன்றே ஒன்றுதான். முந்தானையோ துப்பட்டாவோ, தலையில் போடும்போது சற்றுக் கீழே இறங்கிவிட்டால் அம்சாவின் விரல் நீளும். "பொட்டு மறையாம போடு கண்ணு. மறைக்கக் கூடாது." இது அந்தக் கோயிலின் விதி அல்ல. அம்சாவின் விதி.

இத்தனை பேர் தலையை மூடி உள்ளே அனுப்புகிற அம்சா, தன் தலையை ஒருநாளும் மூடியதில்லை. மூடாமல் உள்ளே போக முடியாது. ஆகவே ஏழரை வருஷமாக அவள் அந்த வாசற்படியைத் தாண்டியதும் இல்லை.

அவள் புருஷன் ஜெகதீசன் லாரி டிரைவர். திண்டிவனத்திலிருந்து மல்லாட்டைப் பருப்பு ஏற்றிக்கொண்டு பஞ்சாபுக்குப் போனவன், அம்பாலா பக்கத்திலிருந்து ஒரு மத்தியானம் போன் போட்டான். "அம்சா, இங்க ஒரு சிங்கு கோயில்ல சாப்டுக்கினு இருக்கேன். ரொட்டி, பருப்பு, பாயசம் மாதிரி ஒண்ணு. கேக்கக் கேக்கப் போட்றான்யா! தலையில கர்ச்சீப் கட்டிக்கினு உக்காந்திருக்கேன், போட்டோ அனுப்புறேன் பாரு." போட்டோ வந்தது. தலையில் ஆரஞ்சுத் துணி, முன்னால் தட்டு, வாய் நிறைய சிரிப்பு. மறுநாள் லாரி சாலையோரம் நின்றது. சாவி வண்டியிலேயே இருந்தது, மூட்டை ஒன்றுகூடக் குறையவில்லை. ஆள் மட்டும் இல்லை. தேடினார்கள், விளம்பரம் கொடுத்தார்கள், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தப் போட்டோவைப் பார்த்த நாத்தனார், "தலையில துணியப் போட்டுக்கினு போட்டோ புடிச்சான், பாத்தியா" என்று மூக்கைச் சிந்தினாள். அன்றிலிருந்து அம்சா அந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை. புருஷன் போன இடம் தெரியாதவளுக்கு இத்தனை பெரிய பொட்டு எதற்கு என்று ஊர் பேசத் தொடங்கியதும் அப்போதுதான்.

சிங்கு கோயிலில் கடைசியாகச் சாப்பிட்டவனைச் சிங்கு கோயிலில்தானே விசாரிக்க வேண்டும்? அவள் கணக்கு அப்படி. ஒலக்கூர்ப் பக்கம் ஒன்று இருப்பது தெரிந்ததும் போட்டோவோடு வந்து நின்றாள். குருத்வாராவைப் பார்த்துக்கொள்ளும் பல்பீர் கவுர் அம்மாளுக்கு அப்போது தமிழ் அரைகுறை. அழுத முகத்தோடு நிற்கிற பெண்ணைப் பார்த்து மனம் பதறி, உள்ளே அழைத்துப்போக வேண்டும் என்கிற அன்பில், மடிப்புக் கலையாத புதுத்துணி ஒன்றை எடுத்து வந்து அவள் தலையில் தன் கையால் போர்த்தினார்.

அம்சா போட்ட கூச்சலில் திடலில் தூங்கிக்கொண்டிருந்த லாரிக்காரர்கள் எழுந்து ஓடிவந்தார்கள்.

அவள் ஊர்ப்பக்கம், தாலி இறங்கிய பெண்ணின் தலையில்தான் பிறந்த வீட்டார் புதுத்துணி கொண்டுவந்து போடுவார்கள். அதற்குக் கோடி போடுவது என்று பெயர். அந்தத் துணி தலையில் விழுந்துவிட்டால், புருஷன் செத்தான் என்று ஊரறிய ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். "வெயிலுக்குக் கொல்லையில நான் போட்டுக்கிற துண்டு வேற. பிறத்தியார் கையால விழற புதுத்துணி வேற. அவரு உசுரோட இருக்கும்போது எனக்கு எதுக்குக் கோடி?" என்று அன்று அவள் கத்தியதை, டீக்கடை ராயப்பன்தான் தன் லாரி இந்தியில் பல்பீர் அம்மாளுக்கு எடுத்துச் சொன்னார். அந்த அம்மாள் தன் வாயைப் பொத்திக்கொண்டார். உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தது. அதை வாசலுக்கு வெளியே, தலை மூட வேண்டாத இடத்தில் போட்டு, உட்காரச் சொல்லி, சாப்பாட்டுத் தட்டை அங்கேயே கொண்டுவந்து கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் அம்சாவின் தலையைத் தொட்டதே இல்லை.

சும்மா உட்கார்ந்து சாப்பிடக் கூசி, வருகிறவர்களுக்குத் துணி எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். தலையில் துணி கட்டும்போது ஒவ்வொருவர் முகத்தையும் கிட்டத்தில் பார்க்க முடிகிறது என்பது இரண்டாம் வாரமே அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. பிறகு விடுவாளா? வாராவாரம் துணிகளை அவளே துவைத்து உலர்த்துகிறாள். பெட்டியின் அடியில், பாலித்தீன் உறைக்குள், ஒரு ஆரஞ்சுத் துணியை மட்டும் தனியே வைத்திருக்கிறாள். கூட்டம் மிகுந்து துணி போதாமல் போகிற குருபர்வத் திருவிழா நாளில்கூட அதை எடுக்க விடமாட்டாள். "அதுக்கு ஆளு இருக்குது" என்பாள்.

லாரிக்காரர் யார் வந்தாலும் முதலில் துணி, அடுத்து போட்டோ. "பாயி, இவர எங்கயாவது பாத்தீங்களா?" இந்தியில் அவளுக்குத் தெரிந்தது இதைச் சுற்றி இருபது வார்த்தை. அவர்களும் போனை வாங்கி உற்றுப் பார்ப்பார்கள், தலையாட்டுவார்கள், சிலர் படத்தைத் தங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொள்வார்கள். எத்தனை போனில் ஜெகதீசன் சிரித்துக்கொண்டு வடக்கே போயிருப்பான்! ஒரு பதிலும் வந்ததில்லை.

இந்தப் பங்குனியில் அவள் அண்ணன் சுப்பராயலு கண்டாச்சிபுரத்திலிருந்து வந்தார். கெட்ட மனிதர் இல்லை. தங்கை ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று ஏழு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தவர். அம்சாவின் மகள் வெண்ணிலாவுக்கு வைகாசியில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் கேட்பது ஒன்றுதான்: பெண்ணுக்குத் தகப்பன் இருக்கிறாரா, இல்லையா? இருந்தால் எங்கே? இல்லையென்றால் ஏரிக்கரையில் வைக்கோல் பொம்மை வைத்தாவது காரியத்தை முடித்துவிட்டு வாருங்கள். இரண்டுமில்லாத வீட்டில் எப்படிச் சம்பந்தம் பண்ணுவது?

சுப்பராயலு அச்சாபீசில் கொடுத்த பத்திரிகை மாதிரியைக் கொண்டுவந்திருந்தார். எல்லாம் அச்சாகியிருந்தது. ஜெகதீசன் பெயருக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் இடம் விட்டிருந்தது.

"திருன்னு போடறதா, தெய்வத்திருன்னு போடறதான்னு நீயே சொல்லும்மா. அதை நான் என் வாயால சொல்ல மாட்டேன். திங்கக்கிழமை அச்சாபீசுக்குச் சொல்லணும். வெள்ளிக்கிழமை நாளு நல்லா இருக்குது. நீ சரின்னா கோடி எடுத்துக்கினு நான் வந்துடறேன்."

"அவரு வந்துட்டா?" என்றாள் அம்சா.

வெண்ணிலாதான் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அப்பா செத்துட்டாருன்னு சொன்னா ஒருநாள் அழுதுட்டுப் போயிடுவேன்மா. இருக்கிறாருன்னா, ஏழு வருஷமா என்னை ஏன் வந்து பாக்கலன்னு தெனமும் அழணும். எனக்கு முடியல." அம்சா பத்திரிகையை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

இது நடந்தது வியாழக்கிழமை. ஞாயிறு வழக்கம்போல் குளித்து, பூ வைத்து, பொட்டிட்டு வந்துவிட்டாள். சென்னைக்காரர் குடும்பத்தை உள்ளே அனுப்பிய பிறகு ஒரு லாரிக்காரர் வந்தார். வயதானவர். நெஞ்சுவரை வெள்ளைத் தாடி. சொந்தத் தலைப்பாகை கட்டியிருந்ததால் அவருக்குத் துணி தேவைப்படவில்லை. அம்சா போட்டோவை மட்டும் நீட்டினாள்.

அவர் கண்ணாடியை மாட்டி நிதானமாகப் பார்த்தார். படத்தைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். பிறகு மிகவும் கனிவாக, "உன் தம்பியா அம்மா?" என்று இந்தியில் கேட்டார்.

அவளுக்குப் புரிந்தது. இருபது வார்த்தைக்குள் அந்த வார்த்தையும் இருந்தது.

அவர் உள்ளே போன பிறகு அம்சா போனைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். முப்பத்தெட்டு வயசுக்காரன் கன்னம் உப்பச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் எங்காவது உயிரோடு இருந்தாலும் இந்த முகத்தோடு இருக்க மாட்டான். முடி நரைத்திருக்கும், கன்னம் ஒட்டியிருக்கும். அவளே அல்லவா அவனைத் தாண்டிக் கிழவியாகிவிட்டாள்? இத்தனை வருஷம் இத்தனை பேரிடம் அவள் காட்டியது, எங்கேயும் இல்லாத ஒருவனை. இனி யார் பார்த்து என்ன சொல்லிவிட முடியும்? அழுகை வரும் என்று பார்த்தாள். வரவில்லை. அதுவும் தீர்ந்துபோயிருந்தது.

கல்லூரிப் பெண்கள் நாலைந்து பேர் ஆட்டோவிலிருந்து இறங்கி வந்தார்கள். எழுந்து அவர்களுக்குத் துப்பட்டாவைச் சரிசெய்தாள். "பொட்டு மறையாம போடு கண்ணு" என்று ஒருத்தியிடம் சொல்ல வாயெடுத்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள். அவர்கள் கால் கழுவி உள்ளே போனார்கள். வாசலில் வேறு யாரும் இல்லை. பல்பீர் அம்மாள் சாப்பாட்டுத் தட்டோடு வந்து நிலைப்படியில் நின்றார். "அம்சாம்மா, சாப்பாடு."

அம்சா தட்டை வாங்கவில்லை. பெட்டியில் கைவிட்டு அடிவரை துழாவினாள். பாலித்தீன் உறையைப் பிரித்தாள். தலையில் போட்டுக்கொள்ள முந்தானை இருந்தது, அதைத் தொடவில்லை. ஆரஞ்சுத் துணியை மடியில் விரித்து மூலைக்கு மூலை வைத்து மடித்தாள். என்ன நடக்கிறது என்று புரிந்த பல்பீர் அம்மாள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, உதவ இரண்டு கையையும் நீட்டியபடி வேகமாக வந்தார்.

"வேணாங்கம்மா. யாரு கையும் வேணாம்" என்றாள் அம்சா.

துணியைத் தானே தலையில் வைத்தாள். பின்னால் இழுத்து ஒரு முடிச்சுப் போட்டாள், அதன்மேல் இன்னொன்று. செருப்பைக் கழற்றி அலமாரியில் வைத்தாள், குழாயைத் திறந்து கால் கழுவினாள். படியில் கால் வைக்கப்போனவள் நின்று, இரண்டு கையாலும் துணியைப் பிடித்து, பொட்டு மறையும்வரை கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.